ஈரக் கழிவு

கோத்தகிரி டானிங்டனில்
மருந்துக் கடைக்கு மேல்மாடி என் கடை.
ஷட்டரைப் பாதி இறக்கியபோது ஜீப் வந்து நின்றது.
ஃபாக்டரிக் கணக்கர் பெள்ளிராஜ்.
நெஞ்சோடு அணைத்த துணிப்பையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்,
ஒன்று கறுப்பு, ஒன்று நீலம்.
நீலத்தில் விலைச் சீட்டுகூட உரியவில்லை.

"பெட்டியைப் பிரிக்கக் கூடாதும்மா, அங்கேயே வந்து எடுக்கணும்.
காலைல பத்து மணிக்குப் புது முதலாளி ஆளுங்க வர்றாங்க.
பெட்டி காயலான் கடைக்கு."

விசிறிகளின் இரைச்சலில் இலை வாடிக்கொண்டிருந்தது.
எடை மேடைக்குப் பக்கத்தில்
பல்லைப் போல் பழுப்பேறிய பெட்டி.
முதுகில் ஊதா வட்டம், பச்சை வட்டம்,
ஒன்பது ஊசி தராசுக்கு,
இருபத்தைந்து துளை பிரிண்டருக்கு,
யூஎஸ்பி என்று இரண்டே இரண்டு.
முன்பக்கத்து வாய்களை மேகம் தின்றுவிட்டது.
செம்பில் களிம்பு.

டிஸ்கின் வாய் முட்டை வடிவம்,
எப்படித் திருப்பினாலும் நுழையும்.
இதன் வாய் சதுரப் பிடிவாதம்,
மூன்றாவது முறைதான் ஏற்கும்.
கன்வெர்ட்டர் போட்டுச் சொருகினேன்.
மூச்சிழுத்தது,
டிக், டிக், டிக்,
அணைந்தது.
கரண்ட் போதவில்லை.

என்னிடம் இரண்டு வால் கேபிள் உண்டு.
யாருக்கும் வேண்டாம் என்று ஆன பிறகு
குன்னூர் சந்தையில் பத்து ரூபாய்க்கு அள்ளியது.
ஒரு வால் பேச,
ஒரு வால் பசியாற.
இரண்டு துளையும் ஒரே டிஸ்குக்குப் போயின.
"ஏறிடுச்சா?"
"ஏறுது."

வினாடிக்கு ஒரு எம்பிகூட இல்லை.
நாலு மணி நேரம் என்றது பெட்டி,
பிறகு ஒன்பது, பிறகு நாற்பது நிமிடம்.
எத்தனை கம்ப்யூட்டர் மாறினாலும்
இந்தப் பொய் மட்டும் மாறவில்லை.
ஜன்னலுக்கு வெளியே இருட்டில்
ஒரு காட்டெருமை பெருமூச்சு விட்டது,
அல்லது பாய்லர்.

ஏறிய ஃபைல் திறக்கிறதா என்று
நடுவில் ஒன்றைத் திறந்து பார்ப்பது வழக்கம்.
பிப்ரவரி ஒன்பதாம் தேதி வந்தது.
பெயர், கிலோ, ஈரக் கழிவு.
மாசி, பதினெட்டு, மூன்று.
ஹாலம்மா, ஒன்பது, ஒன்றரை.
யோகமலர், பதினொன்று, இரண்டு.

யோகமலர் நான்தான்.
பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தைய மாதம்,
அம்மா கை ஒடிந்து கிடக்க
எங்கள் அரை ஏக்கர் இலையை நான் சுமந்தேன்.
உறைபனியில் கொழுந்தெல்லாம் கருகி
குழாயில் காற்று மட்டும் வந்த மாதம்.
விரலில் நசுக்கினால் பொடியாகும் இலையில்
எந்தத் தண்ணீர், ரெண்டு கிலோ?

"அன்னிக்கு மழையா?" என்று கேட்டேன்.
பெள்ளிராஜ் திரையைப் பார்க்கவில்லை.
தராசைப் பார்த்தார்.
"காலைல ஆறு மணிக்கு மேலேயிருந்து போன் வரும்.
இன்னிக்கு இவ்வளவுன்னு சொல்வாங்க.
நான் அடிப்பேன்."

ஒன்றரைக்குக் கறுப்பு முடிந்தது.
கவரில் போட்டு, ஒட்டி, கையெழுத்திட்டார்.
"இப்ப நீலம்."
"காப்பிக்குக் காப்பியா?"
"கறுப்பு ஃபாக்டரிக் காசு.
இது என் சம்பளம்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
கேபிளை மாற்றினேன்.
டிக், டிக்,
இந்த முறை அவரும் மூச்சைப் பிடித்திருந்தார்.
பிறகு விளக்கு நின்று எரிந்தது.

ஃபிளாஸ்கில் டீ தீர்ந்தது.
நடுவில் ஒருமுறை கரண்ட் போய்
யூபிஎஸ் கத்தியது,
இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்,
எதுவும் செய்ய முடியாமல்.
வந்துவிட்டது.

"பில் போடவா?"
"கறுப்புக்கு மட்டும் போடும்மா."

ஆறு மணிக்கு வாசலில் முதல் மூட்டை இறங்கியது.
மேஜையில் போன் அடித்தது.
நீலத்துக்கு இன்னும் பதினேழு நிமிடம் என்றது பெட்டி.
அடித்துக்கொண்டே இருந்தது.
அவர் கேபிளின் இரண்டு வாலையும்
அசையாமல் பிடித்துக்கொண்டார்.